சிங்கப்பூர் டு நியூயார்க்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

அக்கா மகள் முதல்முறையாகச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குத் தனியாகப் போனாள். டிக்கெட்டைப் பார்த்த அக்கா, "ராத்திரி 12 மணிக்கு ஏறி, காலையில ஆறரைக்கு இறங்கிடுறா. ஆறரை மணி நேரம்தானே!" என்றார். உண்மையில் அது பதினெட்டரை மணி நேரப் பயணம். அன்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: நூலைப் பிடியுங்கள்

சுவரில் தொங்கும் வரைபடத்தை நம்பாதீர்கள். அதில் இரண்டு ஊருக்கும் நேர்கோடு போட்டால் இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். அந்தக் கோட்டில் பறந்தால் சுமார் 3,000 கிலோமீட்டர் வீண். பிள்ளைகள் படிக்கிற உலக உருண்டையை எடுங்கள். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே மேலே நழுவும். தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, வட துருவத்தை ஒட்டிப் போய், கனடா வழியாக இறங்கும். இதுதான் உண்மையான குறுக்கு வழி. முதல்முறை பார்க்கும்போது நம்பவே முடியாது, கட்டாயம் செய்து பாருங்கள்.

படி 2: தூரம்

கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். சிங்கப்பூரின் சாங்கி நிலையம் 1.36 பாகை வடக்கு, 103.99 கிழக்கு. நியூயார்க்கின் கென்னடி நிலையம் 40.64 வடக்கு, 73.78 மேற்கு.

இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.77. கிட்டத்தட்ட 180, அதாவது இரண்டு ஊரும் துருவத்துக்கு எதிரெதிர்ப் பக்கம். அதனால் கணக்கு சுலபம். துருவம் இருப்பது 90 பாகையில், அதிலிருந்து ஊரின் அட்சரேகையைக் கழித்தால் போதும்: சாங்கியிலிருந்து துருவம் 88.64 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49.36. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 15,300 கிலோமீட்டர்.

மற்ற ஊர்களுக்கு இந்தக் குறுக்குக் கணக்கு பொருந்தாது. அதே வலது கிளிக்கில் வரும் தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அதுவும் உருண்டைக் கணக்குதான்.

படி 3: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகும். 15,300ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறி இறங்குவது என்று முக்கால் மணி நேரம் சேருங்கள். மிச்சத்தைத் தீர்மானிப்பது காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று பலமாக வீசுகிறது. அதற்காகவே சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கம் சுற்றிப் போகிறது. தூரம் கூடினாலும் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். இந்தச் சுற்றையும் சேர்த்து அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலே போட்டிருப்பார்கள்.

படி 4: கடிகாரம்

அக்கா தடுமாறிய இடம் இதுதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. நள்ளிரவு 12க்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் மாலை 6:30. அதிலிருந்து 12 மணி நேரம் கழித்தால் நியூயார்க்கில் அதே நாள் காலை 6:30.

அப்புறம், இறங்கியதும் போன் வரவில்லையே என்று பதறவேண்டாம். குடிநுழைவு வரிசையைத் தாண்டிப் பெட்டியை எடுக்க இன்னும் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.