ஸ்டோர் சாவியை வாங்காதீர்கள்: மின்பணிக்கு வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோவையில் ஓர் அடுக்குமாடிக் கட்டிட வேலைக்கு, ஐ.டி.ஐ. முடித்த இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். எலெக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாண்டுப் படிப்பு, நல்ல மதிப்பெண். எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொன்னார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், ஒருத்தி கையில் சரக்குப் பதிவேடு. இன்னொருத்தி ஒயர் சுருள்களை எண்ணிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர்களோடு சேர்ந்த பையன்கள் இருவரும் நான்காவது மாடியில் பைப்புக்குள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் நின்ற அதே இடம் அது. அன்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள், செருப்பில்லாமல் நிற்காதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதைப் பயிற்சி நிலையத்தில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாமல் விடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

## சுலபமான வேலையை நன்றியோடு வாங்கிக்கொள்வது

இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்குக் கோபம் அடங்காத தவறு இது.

ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஓராண்டு தொழில் பழகுநராகச் சேர்ந்தேன். மின்பராமரிப்புப் பிரிவில் பதினான்கு பேர். பெண் நான் ஒருத்திதான். இரண்டாவது வாரம் ஃபோர்மேன் கூப்பிட்டார். “அம்மணி, உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பேனல் அறைச் சூட்டில் நின்று எதற்கு வாடுகிறாய்? ஸ்டோர் கணக்கைப் பார்த்துக்கொள்” என்று சாவியைக் கொடுத்தார். கெட்ட மனிதர் அல்லர். தன் மகளாக நினைத்துத்தான் கொடுத்தார். மின்விசிறி, நாற்காலி, நேரத்துக்குத் தேநீர். “நல்ல இடத்தில் இருக்கிறாள்” என்று அம்மா உறவினர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். எனக்குக் கிடைத்த மரியாதை என்றே நானும் நினைத்தேன்.

அந்த ஓராண்டில் என்னோடு சேர்ந்த பையன்கள் மோட்டார்களைக் கழற்றி மாட்டினார்கள், ஸ்டார்ட்டர்களுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனை கருகினால் என்ன வாடை வரும், பேரிங் தேய்ந்தால் மோட்டார் எப்படி உறுமும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு அந்தப் பேரிங்கின் எண்ணும் விலையும் அது இருக்கும் அலமாரியும் தெரிந்தன. ஆண்டு இறுதித் தேர்வில் எல்லோரும் தேறினோம். சான்றிதழில் எங்கள் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான்.

பிறகு ஓர் ஒப்பந்ததாரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டிடத்தின் மும்முனை மெயின் பலகையை முடித்துக் கொடுத்தேன். மின்சாரம் திரும்பும் பாதையான நியூட்ரல் ஒயரின் நுனியில் லக் என்ற உலோக முனையை வைத்து அழுத்தியதும் நான்தான். பார்க்க நேர்த்தியாக இருந்தது. ஆனால் எவ்வளவு அழுத்தினால் போதும் என்பது என் கைக்குத் தெரியாது. அழுத்தியபின் இழுத்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கமும் கிடையாது. ஆறு வாரம் கழித்து ஒரு மாலை, எல்லா வீடுகளிலும் சுமை ஏறிய நேரத்தில், அந்த இணைப்பு சூடேறித் தளர்ந்து விட்டுப்போனது.

மும்முனை இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு முனைகளுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் இல்லாதபோது வெவ்வேறு முனைகளில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோத்தது போலாகி, அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். சுமை அதிகமான வீட்டில் விளக்கு மங்கும். சுமை குறைந்த வீட்டில் 300 வோல்ட்டையும் தாண்டிப் போகும். எம்.சி.பி. என்ற தானியங்கிப் பாதுகாப்புச் சுவிட்ச் விழவே விழாது, ஏனென்றால் அது காப்பது மிகையான மின்னோட்டத்திலிருந்துதான். மின்னழுத்தம் ஏறுவதை அது கண்டுகொள்ளாது. அன்று மூன்று தொலைக்காட்சிகளும் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகளும் போயின. அவற்றுள் ஒன்றில் ஒரு பாட்டியின் இன்சுலின் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வைக்க ஓடினேன்.

எட்டு மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். “பெண்ணிடம் பேனலைக் கொடுத்தால் இப்படித்தான்” என்று மேஸ்திரி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. நூற்றுக்கணக்கான லக்குகளை அழுத்திப் பழகியிருக்க வேண்டிய ஓராண்டு முழுவதும் நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அன்று முதல் ஒவ்வொரு லக்கையும் இழுத்துப் பார்க்கிறேன். சுமை ஏற்றிச் சிறிது நேரம் கழித்து இணைப்புகள் சூடாகின்றனவா என்று சோதிக்காமல் எந்தப் பலகையையும் மூடியதில்லை.

சென்னையின் அ. லலிதாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943-இல் பட்டம் பெற்றவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். பட்டத்துக்கான செய்முறைப் பயிற்சிக்காக ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் அவர் ஓராண்டு இருந்தார் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த ஓராண்டுதான் பெரிதாகத் தெரிகிறது. பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளில் பங்காற்றியவரும் பணிமனையைத் தாண்டித்தான் அங்கே போனார்.

ஆகவே, சாவியோ பதிவேடோ உங்களிடம் நீட்டப்பட்டால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டியதில்லை. “இந்த வாரம் நான் எழுதுகிறேன் சார், அடுத்த வாரம் அவர் எழுதட்டும்” என்று சொல்லுங்கள். எல்லோருக்கும் முறை வரட்டும். இன்று என் கையால் என்ன செய்தேன் என்று ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் புரட்டும்போது பாதிக்கு மேல் எழுத்து வேலையாக இருந்தால், அந்த நோட்டோடு மேலாளரைப் பாருங்கள். சேர்ந்த தொழிலில் பயிற்சி அளிப்பது முதலாளியின் கடமை என்று 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமே சொல்கிறது. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. “மகளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள்” என்று ஃபோர்மேனிடம் போய்க் கெஞ்சாதீர்கள். அப்படிக் கெஞ்சிய அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

## ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது

ஏறுங்கள். கீழே பிடிக்க வேறு ஆள் இருக்கிறார்.

## பலத்தால் ஜெயிக்கப் பார்ப்பது

ஒயர் இழுக்கும்போது பையன்களுக்குச் சமமாகத் தம் பிடித்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். வளைவு அதிகமான பைப்பில் யார் இழுத்தாலும் ஒயர் வராது. வந்தாலும் காப்புறை சிராய்ந்து வரும். பைப் போடும்போதே இடையில் ஒரு ஜங்ஷன் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒயரில் முகப்பவுடர் தடவுங்கள். ஒருவர் தள்ள, மறுமுனையில் ஒருவர் இழுங்கள். லக்கை அழுத்தும் கிரிம்பிங் கருவி நீளமான கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும். கையுறையை உங்கள் கை அளவுக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டோரில் தரும் பெரிய கையுறைக்குள் விரல் நழுவினால், காக்க வேண்டிய கையுறையே ஆபத்தாகிவிடும்.

## தண்ணீர் குடிக்காமல் இருப்பது

கட்டிட இடத்தில் கழிப்பறை இல்லை என்று காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் பத்து நாள் படுத்தேன். கழிப்பறை அமைத்துத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வேலையில் சேரும் முன்பே கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், சித்தாள் வேலைக்கு வந்திருக்கும் அக்காக்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அவர்களும் அதே தாகத்தோடுதான் நிற்கிறார்கள்.

## ஐ.டி.ஐ. சான்றிதழோடு நின்றுவிடுவது

அதன்பின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றும் வாங்குங்கள். அது இல்லாதவரை இன்னொருவர் உரிமத்தின் நிழலில்தான் வேலை செய்ய முடியும்.

## “ஒரே பெண்” என்ற பெயருக்கு ஆசைப்படுவது

1993-இல் வசந்தகுமாரி என்ற பெண் குமரி மாவட்டத்தில் அரசுப் பேருந்து ஓட்டுநரானபோது ஊரே வியந்தது. படம் எடுத்தவர்கள் எடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தார். பெயரைவிட வேலைதான் நிலைத்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை. எங்கள் குழுவுக்கு இரண்டாவது பெண் வந்தபோது எனக்குள் ஒரு பொறாமை வந்தது. ஒரு மாதம் அவளுக்கு எதையும் சொல்லித் தரவில்லை. அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

## கூலியை வேலை முடிந்தபின் பேசுவது

விளக்கு, விசிறி என ஒவ்வோர் இணைப்புக்கும், அதாவது ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பக்கத்தில் நிற்கும் பையனுக்கு என்ன பேசினார்களோ, அதே தொகை. முதல் சுருளைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.