ஊற வைக்காமல் ஒரு பட்டர் பீன்ஸ் குழம்பு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம், அம்மா வீட்டுப் பழக்கத்தில் துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டேன். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு விறைத்துக்கொண்டே கிடந்தது. மாமியார் எட்டிப் பார்த்து, “இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், பருப்புதான் வேகாதும்மா” என்றார். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும் என்று என் மகன் பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னது பல வருடம் கழித்து.

ஆகவே, வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு இரண்டே வழி: குக்கர், பச்சைப் பட்டர் பீன்ஸ். காய்ந்த விதையைக் காலையிலேயே ஊறப் போட வேண்டும். தோலோடு வரும் பச்சைக் காய்க்கு அந்தக் கவலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கிலோ வாங்குவேன். மேலே விதை புடைத்துத் தெரிய வேண்டும். குலுக்கிக் கலகலவென்றால் வேண்டாம். “இன்று பறித்ததா அக்கா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். காம்பைக் கிள்ளிப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

உரிப்பது மாமனார் வேலை. காயின் முதுகில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓர் அழுத்து. பட்டென்று பிளந்து, உள்ளே வெளிர்பச்சையில் மூன்று விதைகள் பளபளவென்று ஈரமாக இருக்கும். ஒரு கிலோ காயில் பாதிக்கும் குறைவாகத்தான் விதை தேறும். எங்கள் ஐந்து பேருக்கு அது போதும்.

குக்கரில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய். (மார்கழியில் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், பாட்டிலை அடுப்போரம் வையுங்கள்.) அரை ஸ்பூன் சோம்பு, பதினைந்து சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஆறு பல் மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. காரம் அதிகம், விலையும் அதிகம், ஆறுக்கு மேல் போடாதீர்கள். வதங்கியதும் விதை, பெரிய துண்டுகளாக ஓர் உருளைக்கிழங்கு, மஞ்சள்தூள், உப்பு, மூழ்கும் அளவு தண்ணீர். மூடி மூன்று விசில். கீழ்நாட்டில் இரண்டே போதும்.

தக்காளியை இப்போது போடவே கூடாது. புளிப்பு சேர்ந்தால் விதை மெத்தென்று ஆகாது. இதைத்தான் நான் எல்லோரிடமும் சண்டை போட்டுச் சொல்கிறேன். விசில் வருவதற்குள் வேறு வாணலியில் இரண்டு தக்காளியை ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், இரண்டு ஸ்பூன் மல்லித்தூளோடு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். கால் மூடி தேங்காயைச் சோம்பு சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள்.

ஆவி தானாக அடங்கியபின் திறந்து, ஒரு விதையை இரண்டு விரலுக்கிடையில் நசுக்குங்கள். தோல் ஒரு பக்கம் நழுவி, உள்ளே வெண்ணெய்போல் குழைந்தால் பதம். ஒரு கரண்டி விதையைக் குக்கரின் பக்கவாட்டில் மசித்துவிட்டால் குழம்பு தானே கெட்டிப்படும், கடலைமாவு தேவையில்லை. தக்காளியைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதி, பிறகு தேங்காய், நுரை கட்டியதும் இறக்கம். கடைசியில் தாண்டிக்குடி மிளகு இடித்தது ஒரு சிட்டிகை.

காய் கிடைக்காத ஊரில் காய்ந்த பட்டர் பீன்ஸை எட்டு மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆறேழு விசில் விடுங்கள். ராஜ்மா என்றால் அரைவேக்காட்டில் இறக்கவே இறக்காதீர்கள், வயிற்றைப் புரட்டும். ஊற வைக்க மறந்துவிட்டால் அன்றைக்கு ரசம்தான்.

சுடுசோற்றுக்கும் சப்பாத்திக்கும் பொருந்தும். மீந்தது காலைக்குள் களிபோல் இறுகிவிடும். அரைக் கரண்டி வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் தோசைக்கு ஆகும். எங்கள் வீட்டில் அது உரித்தவருடைய பங்கு.