கீக்ளோக் குழுக்களும் கிராஃபானா அனுமதியும்: என் அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், ட்ரையர் வெப்பநிலையை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா மென்பொருளை, பயனர்களின் லாகினையும் குழுக்களையும் நிர்வகிக்கும் கீக்ளோக்குடன் இணைத்தேன். லாகின் சிக்கலில்லாமல் ஓடியது. ஆனால் மேற்பார்வையாளர்கள் உட்பட எல்லோரும் வெறும் ‘வியூவர்’ (பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்) ஆகத்தான் உள்ளே வந்தார்கள். “தம்பி, பாக்க முடியுது, அலாரம் அளவை மாத்த முடியலையே” என்று டீமேக்கரிடமிருந்து (தேயிலைத் தயாரிப்புப் பொறுப்பாளர்) ஃபோன்.

இந்த மாதிரி நேரத்தில் லாக்கைத் துருவுவதைவிட டோக்கனை, அதாவது லாகின் ஆகும்போது கீக்ளோக் கிராஃபானாவுக்கு அனுப்பும் பயனர் விவரத்தை, பார்ப்பதே சுருக்கு வழி. கீக்ளோக்கில் அந்தக் கிளையன்ட்டின் (இங்கே கிராஃபானா) ‘கிளையன்ட் ஸ்கோப்ஸ்’ பகுதியில் ‘எவால்யுவேட்’ என்று ஒன்று உண்டு. பயனரைத் தேர்ந்தெடுத்தால் அவருக்குப் போகும் ஐடி டோக்கனை அங்கேயே காட்டிவிடும். அவருடைய பாஸ்வேர்டுகூட வேண்டாம். பார்த்தால், குழுவின் பெயர் ‘/கோத்தகிரி/மேற்பார்வை’ என்று முழுப் பாதையாகப் போகிறது. யாருக்கு என்ன அனுமதி என்று முடிவு செய்யும் கிராஃபானாவின் ரோல் விதியோ வெறும் ‘மேற்பார்வை’யைத் தேடுகிறது. எப்படிப் பொருந்தும்?

கீக்ளோக்கில் குழுப் பெயரை டோக்கனில் சேர்க்கும் குரூப் மேப்பரில் ‘ஃபுல் குரூப் பாத்’தை அணைத்தாலும் தீரும். எனக்கு அது சரிப்படவில்லை. குன்னூர் கிளைக்கும் இதே பெயரில் உட்குழு இருக்கிறது. பாதையை வெட்டினால் அங்குள்ளவர் இங்கே அளவை மாற்றலாம். அதனால் விதியிலேயே முழுப் பாதையை எழுதினேன். அப்புறம் எல்லோரையும் ஒருமுறை லாக் அவுட் செய்து மறுபடி நுழையச் சொன்னேன், லாகின் ஆகும்போதுதானே ரோல் புதுப்பிக்கப்படும்.