எலும்பு ஸ்கேஃபோல்ட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேஃபோல்ட் என்பது எலும்புச் செல்கள் ஒட்டி வளர்வதற்கான, துளைகள் நிறைந்த தாங்கு சட்டகம். அதைச் செய்ய ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது, தராசைச் சரிபார்க்காதது போன்றவற்றை யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துளை இருக்கிறது, வழி இருக்கிறதா?

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்துத்தான். எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் 300 மைக்ரான் துளைகள் அழகாகத் தெரியும். எடையையும் கன அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் 85 சதவீதம் வெற்றிடம் என்று வரும். உடனே செல் வளர்ப்புக்குப் போய்விடுவார்கள். அந்த 85-இல் மூடிய துளைகளும் அடக்கம் என்பதை யோசிப்பதில்லை. அறைகள் எத்தனை இருந்தாலும் அறைக்கு அறை வாசல் இல்லாவிட்டால் செல் எப்படி உள்ளே போகும்?

ஒரு மாணவி பி.சி.எல். (பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர்) கரைசலில் உப்புத் துகள்களைக் கலந்து வார்த்து, உப்பை நீரில் கரைத்தெடுத்து வட்டுகள் செய்திருந்தார். வாரக்கணக்கில் செல் வளர்த்து, குறுக்கே வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால், மேற்பரப்பில் மட்டும் மெல்லிய படலமாகச் செல்கள். நடுவில் ஒன்றுமில்லை. மிச்சமிருந்த உலர்ந்த வட்டு ஒன்றை பிளேடால் பிளந்தோம். நடுவே உப்புப் படிகங்கள் பளபளத்தன! ஒன்றையொன்று தொடாத துகள்களைப் பாலிமர் முழுக்க மூடியிருந்தது. தண்ணீர் அவற்றை எட்டவே இல்லை. உப்பின் பங்கு குறையக் குறைய இது கூடும்.

கரைத்துக் காயவைத்தபின் எடை பாருங்கள். போட்ட பாலிமரின் எடையைவிடக் கூடுதலாக இருந்தால் உப்பு உள்ளே நிற்கிறது. ஐந்து நிமிட வேலை இது. அப்புறம் மைக்ரோ சி.டி. (உட்புறத்தைக் காட்டும் எக்ஸ்-கதிர் ஸ்கேன்) எடுத்து, திறந்த துளையையும் மூடிய துளையையும் தனித்தனியே கணக்கிடுங்கள். பாதரச ஊடுருவல் முறையில் கிடைக்கும் எண் வாசலின் அகலம். அதை அறையின் விட்டமாக எழுதாதீர்கள். திசுவுக்குள் ஆக்ஸிஜன் ரத்தக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரான் வரைதான் பரவும். குழாய் நுழைய முடியாத ஸ்கேஃபோல்டின் நடுப்பகுதியில் செல்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

உலர்ந்த நிலையில் அழுத்திப் பார்ப்பது

கடற்பஞ்சு எலும்பின் (எலும்பின் உள்ளே துளைகள் நிறைந்த பகுதி) அழுத்த வலிமை ஏறத்தாழ 2 முதல் 12 மெகாபாஸ்கல். உலர்ந்த ஸ்கேஃபோல்ட் அதை எட்டினால் மட்டும் போதாது. ஜெலட்டின், கைட்டோசான் போன்றவை நனைந்தால் தளர்ந்துவிடும். உடலுக்குள் எல்லாம் ஈரம்தானே? நனைத்து, 37 டிகிரியில் சோதியுங்கள்.

பி.சி.எல்.லை ஆட்டோகிளேவில் வைப்பது

வேண்டாம். ஆட்டோகிளேவ் சூடான நீராவியால் கிருமி நீக்கும் கருவி. பி.சி.எல். 60 டிகிரியிலேயே உருகிவிடும்.

பி.எல்.ஜி.ஏ.வின் அமிலத்தை மறப்பது

பி.எல்.ஜி.ஏ. உடலுக்குள் சிதைந்து மறையும் பாலிமர். அது சிதையும்போது லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்கள் வெளிவரும். தடித்த துண்டில் அவை உள்ளேயே தேங்கிச் சிதைவை வேகப்படுத்தும்.

எம்.டி.டி. எண்ணை அப்படியே நம்புவது

எம்.டி.டி. என்பது உயிருள்ள செல்கள் ஒரு மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை அளக்கும் சோதனை. செல் போடாத ஸ்கேஃபோல்டையும் கூடவே ஓட்டுங்கள். சில பொருட்கள் செல் இல்லாமலே ஊதாவாகும்.