காப்பி காக்டெய்ல்: ஐஸைக் குறை சொல்லாதீர்கள்

டிசம்பர் பிறந்தால் குமரி மாவட்டத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த ஆள் இருப்பார். அவர் பெட்டியில் ஏர்போர்ட் கடையில் வாங்கிய பாட்டிலும் இருக்கும். முன்பெல்லாம் அதில் சோடாவோ தண்ணீரோ ஊற்றிக் குடித்து முடிப்பார்கள். இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பையன்கள் எல்லாரும் எஸ்பிரசோ மார்ட்டினி போடக் கிளம்பியிருக்கிறார்கள். போடட்டும், நல்ல பானம்தான். 1980-களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார்மேன் உருவாக்கியது. வோட்கா, காப்பி லிக்கர் (காப்பி வாசமுள்ள இனிப்பு மது), கொஞ்சம் சீனிப்பாகு, ஒரு எஸ்பிரசோ (மெஷினில் இறக்குகிற திக்கான காப்பி; நம் வீட்டில் அதற்குப் பதில் பில்டர் டிக்காஷன்). நன்றாகக் குலுக்கி வடித்தால் மேலே நுரை நிற்கும். ஆனால் நாகர்கோவில் என்றாலும் மார்த்தாண்டம் என்றாலும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நான் கோவளத்தில் ஹோட்டல் பாரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் எல்லாரும் சறுக்கிய அதே இடம்.

அளவு பிசகுவது, மூடியைச் சரியாகப் போடாமல் குலுக்கிச் சட்டையில் கொட்டிக்கொள்வது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு தடவை கொட்டினால் புத்தி தானாக வரும். காசைத் தின்கிற தவறுகள் வேறு.

சூடான டிக்காஷனை ஐஸ் மேல் ஊற்றுவது

போன கிறிஸ்துமஸ் ராத்திரி, கருங்கல் பக்கம் சொந்தக்காரர் வீட்டு மொட்டைமாடி. குவைத்திலிருந்து வந்த பையன் ஒருவன் பாட்டிலைத் திறந்து வைத்திருக்கிறான். எவர்சில்வர் தூக்கில் ஐஸ், ஐஸ் மேல் வோட்கா. கீழேயிருந்து அவன் தங்கை பில்டரோடு டிக்காஷனைக் கொண்டு வருகிறாள், ஆவி பறக்கிறது.

"மக்ளே, கொஞ்சம் பொறுல. ஆறட்டும்."

"ஐஸ் கெடக்குல்லா சித்தப்பா, அது ஆத்திரும்."

ஊற்றிவிட்டான். ஐஸ் சடசடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் குலுக்கித் திறந்தால் தூக்கில் ஒரு கட்டிகூட இல்லை. கிளாஸில் விழுந்தது கலங்கல் நிறத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். நுரை என்று ஓரத்தில் நாலு குமிழி. அப்புறம் அவன் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்: "தண்ணியா இருக்கு" என்று சொல்லி இன்னொரு பெக் வோட்காவை உள்ளே கவிழ்த்தான். அதுவும் போதவில்லை என்று லிக்கர். ஆறு பேருக்குப் போட்டு முடிப்பதற்குள் பாட்டில் காலி. குடித்த ஒருவனும் கொள்ளாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் ஐஸைத்தான் திட்டினார்கள்.

ஐஸ் பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது. கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்குச் சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒரு கலோரி வெளியே வரும். அப்படியென்றால் 80 டிகிரி சூட்டில் இருக்கும் டிக்காஷன் பூஜ்யத்துக்கு இறங்குவதற்குள் தன் எடைக்குச் சமமான ஐஸை உருக்கிவிடும். 60 மில்லி ஊற்றினால் 60 மில்லி பச்சைத் தண்ணீர் கூடவே சேர்கிறது. நீங்கள் பாடுபட்டு இறக்கிய திக்கான டிக்காஷன், இரண்டாம் டிக்காஷனைவிடக் கேவலமாகப் போய்விடும். அதே 60 மில்லி 30 டிகிரிக்கு ஆறியிருந்தால் உருகுவது 22, 23 கிராம்தான். பிரிட்ஜில் வைத்து 10 டிகிரிக்கு இறக்கினால் 8 கிராம்கூட வராது.

உடனே ஒரு கேள்வி வரும்: வீடியோவில் மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடுதானே ஊற்றுகிறார்கள்? ஊற்றுகிறார்கள், பாரில் நாங்களும் ஊற்றுவோம். ஆனால் அங்கே ஒரு எஸ்பிரசோ என்றால் சுமார் 30 மில்லி. ஷேக்கர் என்கிற குலுக்கும் குவளையில் கழுத்துவரை கெட்டியான பெரிய ஐஸ் கட்டி. வோட்காவும் லிக்கரும் முதலில் போய்விடும், காப்பி கடைசியில் விழும், விழுந்த நொடியில் குலுக்கு ஆரம்பித்துவிடும். உங்கள் வீட்டில் பில்டர் டிக்காஷன் 100 மில்லி. ஐஸோ, தட்டத்திலிருந்து தட்டி எடுத்து, போட்டோ எடுக்கிறவரை கிண்ணத்தில் கிடந்து, ஏற்கெனவே வேர்த்து வழிகிற சின்னச் சின்னக் கட்டி. இரண்டும் ஒன்றாகுமா?

தண்ணீரே சேரக்கூடாது என்று சொல்லவில்லை. குலுக்குவதே குளிர வைப்பதற்கும் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பதற்கும்தான். இல்லாவிட்டால் மது தொண்டையைக் கீறும். எவ்வளவு சேர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும், காப்பியின் சூடு முடிவு செய்யக்கூடாது.

ஆற்றுவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். 20 கிராம் பொடிக்கு 100 மில்லி கொதிநீர் ஊற்றினால், பொடி குடித்ததுபோக 60 மில்லி சொச்சம் இறங்கும். அதை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, டம்ளரை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் இறக்கிக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் கையில் சில்லென்று படும். அதற்குமேல் குலுக்கலாம். அந்த ஐஸ் வெளியே உருகுகிறது, கிளாஸுக்குள் வருவதில்லை. இரண்டு பிடி கல்லுப்பு போட்டால் இன்னும் சீக்கிரம் குளிரும், உப்புத்தண்ணீர் டம்ளருக்குள் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தைக்கூடப் பொறுக்க முடியாத வெப்ராளம் உள்ளவர்கள், டிக்காஷனை முந்தின நாளே ஐஸ் தட்டத்தில் ஊற்றிக் கட்டியாக்கி வையுங்கள். அது உருகினாலும் காப்பிதான்.

ஊறுகாய் பாட்டிலில் குலுக்குவது

சூட்டோடு ஐஸ் சேர்ந்தால் கண்ணாடி விரிசல் விடும். மூடிய ஏனத்துக்குள் சூடு ஏறினால் காற்று விரிந்து மூடியைத் தள்ளும். மிக்ஸி ஜாருக்கும் இதுதான். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும், ஆறிய காப்பியோடு.

மீன் வாசம் பிடித்த ஐஸ்

இதை எந்த வெளிநாட்டு வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். குளச்சலிலோ முட்டத்திலோ வாங்கின சாளையும் நெத்திலியும் ஒரு கவரில் சுற்றி நம் பிரீசரில் கிடக்கும். பக்கத்திலேயே மூடாத ஐஸ் தட்டம். வாசத்தை ஐஸ் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டுக் குடித்தால் தெரியாது என்பார்கள், தெரியும். காப்பியில் போட்டால் இன்னும் மோசம். கசப்புக்கும் இனிப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கும், என்னவென்று சொல்ல வராது. வடிவீஸ்வரம் பக்கம் ஒரு வீட்டில் காப்பிப்பொடியை இரண்டு தடவை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நான் பொடியைத் தொடவே இல்லை, ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூடி போட்ட தட்டம், அன்றைக்கு உறைந்த ஐஸ். டிக்காஷனையும் திறந்த டம்ளரில் பிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள், அதுவும் வாசம் பிடிக்கும்.

சிக்கரி

பில்டர் காப்பிக்குப் பழகின நாக்கு சிக்கரியைத் தேடும், பாலோடு அது நன்றாகவும் இருக்கும். பால் இல்லாமல் குளிர்ந்த மதுவோடு சேர்ந்தால் கருகின கசப்பு முன்னால் வந்து நிற்கிறது. காப்பி-சிக்கரி கலவை என்று விற்கிற பாக்கெட்டில் காப்பி 51 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மீதி 49-ம் சிக்கரியாக இருக்கலாம். விகிதம் கவரில் அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள். அரைத்துக் கொடுக்கிற கடை என்றால் சிக்கரி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் போட்டுவிடுவார்கள்.

இன்ஸ்டன்ட் பொடி போடுவதைத் தவறு என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெட்டியாகக் கரைத்து ஆற வைத்தால் நுரை நன்றாகவே வரும்.

லிக்கர் ஊற்றிய பிறகும் சீனி

லிக்கரே இனிப்பு. குடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கருப்பட்டியை உடைத்து அப்படியே போடுவது

ரம்மோடு கருப்பட்டி சேர்கிற மாதிரி வெள்ளைச் சீனி சேராது. நம் ஊர்க்காரர்கள் வோட்காவை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வர வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் குளிர்ந்த பானத்தில் கருப்பட்டித் துண்டு கரையாது, அடியில் கிடக்கும். 100 கிராம் கருப்பட்டிக்கு 100 மில்லி தண்ணீர் விட்டு, கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கித் துணியில் வடியுங்கள். துணியில் தங்குகிற மண்ணைப் பார்த்தால் ஏன் வடிக்கச் சொன்னேன் என்று தெரியும். கம்பிப்பதம்வரை போனால் ஐஸ் பட்டதும் இறுகிப் பசையாகிவிடும்.

கூடவே கிராம்பு. கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்ற பெருமையில் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். அதிலுள்ள யூஜெனால் நாக்கை மரக்க வைக்கும். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பதே அதற்காகத்தான். பாகு கொதிக்கும்போது ஒன்று போட்டு, வடிக்கும்போது எடுத்துவிடுங்கள்.

கிரீம் எழும்பவில்லை என்று அடித்துக்கொண்டே இருப்பது

ஐரிஷ் காப்பி (விஸ்கி கலந்த சூடான காப்பி, மேலே கிரீம்) ஆசைக்காரர்களுக்கு: கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. 30-க்கு மேல் வேண்டும். கவரைத் திருப்பிப் பாருங்கள்.

அடுப்பில் இருக்கும் காப்பியில் மதுவை ஊற்றுவது

கூடாது. ஆவி தீப்பிடிக்கும்.

காப்பிதானே, தலைக்கு ஏறாது என்று நினைப்பது

மேலே சொன்ன கருங்கல் பையன் பெக் மேல் பெக் ஊற்றினானே, அவனுக்குத் தூக்கமே வரவில்லை, பேச்சும் தெளிவாகத்தான் இருந்தது. பைக் சாவியை எடுத்துவிட்டான். காஃபின் தூக்கத்தைத்தான் விரட்டும். ரத்தத்தில் உள்ள மது ஒரு சொட்டுக்கூடக் குறையாது. போதை இருக்கும், போதை இருப்பது தெரியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இல் காஃபின் சேர்த்த மதுபானம் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். இரண்டு கிளாஸோடு நிறுத்துங்கள், சாவியை வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். அன்றைக்குச் சாவியைப் பிடுங்கியது அவன் தங்கைதான்.

மேலே காப்பிப்பொடி தூவுவது

பில்டர் பொடி கரையாது, பல்லில் நெறுநெறுக்கும். வறுத்த காப்பிக்கொட்டை இருந்தால் மூன்று மிதக்க விடுங்கள். இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம், நுரை அடங்குவதற்குள் குடியுங்கள்.