நீச்சல் குளத்தில் பிள்ளை தனியாக உடை மாற்றுவது: எப்போது, எப்படி?

மகனைக் குளத்துக்குக் கூட்டி வரும் அம்மாவுக்கும் மகளைக் கூட்டி வரும் அப்பாவுக்கும் என்றைக்காவது ஒருநாள் இந்தச் சந்தேகம் வந்துதான் தீரும்: இனிமேலும் என்னோடு உள்ளே அழைத்துப் போகலாமா, இல்லை, தனியாக அந்தப் பக்கம் அனுப்ப வேண்டுமா? 2 வயதுக் குழந்தை எந்த அறையில் நின்று ஜட்டி மாற்றினாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. 6, 7 வயதாகும்போதுதான் உள்ளே இருப்பவர்கள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்ள ஆரம்பிக்கிறார்கள், நமக்கும் கொஞ்சம் கூச்சமாகிவிடுகிறது.

எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒரே வயது என்று எதுவும் இல்லை. பிரிட்டனில் பல பொதுக் குளங்கள் 8 வயதைக் கோடாக வைத்திருக்கின்றன, 8 ஆகிவிட்டால் அவரவர் பக்கம் போக வேண்டியதுதான். ஜப்பானில் பொதுக் குளியல் கூடங்களுக்கான வழிகாட்டுதல் முன்பு 10 வயது என்று இருந்தது, 2020 டிசம்பரில் அதை 7 ஆகக் குறைத்தார்கள். தென் கொரியாவின் பொதுக் குளியல் கூடங்களில் 2022 முதல் 4 வயது நிறைந்த பிள்ளையையே எதிர்ப்பக்கம் அழைத்துப் போக முடியாது. பின்னால் சொன்ன இரண்டும் எல்லோரும் உடையில்லாமல் குளிக்கிற இடங்கள், அதனால் கெடுபிடி அதிகம். ஆகவே முதல் வேலை, நீங்கள் போகும் குளத்துக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேட்பது: வயது வரம்பு என்ன, குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளத் தனி அறை உண்டா, பொது அறைக்குள் கதவு வைத்த சின்னச் சின்னத் தடுப்பறைகள் இருக்கின்றனவா.

குளம் சொல்லும் வயது ஒரு உச்சவரம்பு மட்டும்தான், அதுவரை கூட்டிப் போயே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. 5 வயதிலேயே ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மாற்ற ஆரம்பிக்கலாம், "அப்பா, நீ அந்தப் பக்கம் பாரு" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் சிரிக்காமல் திரும்பிக்கொள்ளுங்கள். இன்னொரு பிள்ளைக்கு வெட்கமே இருக்காது, ஆனால் பக்கத்தில் மாற்றுகிறவரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு "அவங்களுக்கு ஏன் அப்படி இருக்கு?" என்று அறையே கேட்கிற மாதிரி கேட்கும். இரண்டுமே நேரம் வந்துவிட்டதற்கு அடையாளம்தான். மூன்றாவதாக ஒன்று உண்டு, அது பெற்றோர் கண்ணில் அவ்வளவாகப் படாது: உள்ளே மாற்றிக்கொண்டிருக்கும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு உங்கள் 7 வயது மகன் குழந்தையாகத் தெரிய மாட்டான், அவன் அவளுடைய தம்பியின் வகுப்பில் படிக்கிறவனாகக்கூட இருக்கலாம். பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் அவள் சங்கடத்தையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலும் பருவ மாற்றம் தொடங்குவது மருத்துவர்கள் கணக்கில் இயல்பானதே. அதனால் 8 வரை இழுப்பதே என்னைக் கேட்டால் கடைசிக் கட்டம், பழக்குவதை 5 வயதில் தொடங்கிவிடுவது நல்லது.

குடும்ப அறை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கூட்டமான நாளில் அது காலியாகவே இருக்காது, அதை மட்டும் நம்பிப் போனால் பிள்ளை தனியாக மாற்றப் பழகவே பழகாது.

பழக்கம் வீட்டுக் குளியலறையில் தொடங்க வேண்டும், அதுவும் நனைந்த நீச்சலுடையோடு. உலர்ந்த உடையைக் கழற்ற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நனைந்தது தோலோடு ஒட்டிக்கொள்ளும், அவசரத்தில் இழுத்தால் சுருண்டு கயிறு மாதிரி தொடையில் இறுகிவிடும், பிள்ளை அங்கேயே அழ ஆரம்பித்துவிடும். மேலிருந்து உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி, பாம்பு சட்டை உரிப்பதுபோல, மெதுவாக உருட்டி இறக்கச் சொல்லிக் கொடுங்கள். இடுப்பு நாடா தண்ணீரில் ஊறினால் முடிச்சு அவிழாது, ஆகவே சுருக்கு முடிச்சு மட்டும்தான், இல்லையென்றால் நாடாவையே உருவிவிட்டு எலாஸ்டிக்கை நம்புங்கள். முதுகில் ஜிப் வைத்த நீச்சலுடையை இந்த வயதுக்கு வாங்கவே வாங்காதீர்கள். திரும்பி வரும்போது போடுகிற உடை தொளதொளவென்று, பட்டன் இல்லாமல் இருக்கட்டும். காலுறை வேண்டாம், ஈரக் காலில் அதை ஏற்றுவதற்குள் பெரியவர்களுக்கே பொறுமை போய்விடும்.

பையை அடுக்குவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தேவைப்படுவது மேலே: துண்டு, அதற்கடியில் உள்ளாடை, அப்புறம் சட்டையும் கால்சட்டையும், எல்லாவற்றுக்கும் கீழே ஈரத்துணிக்கு ஒரு காலிப் பை. தலை நுழைக்கிற மாதிரி தைத்த துண்டு கிடைத்தால் வாங்கிவிடுங்கள், அதற்குள்ளேயே நின்று முழு உடையும் மாற்றிவிடலாம். பிள்ளையின் பையை நீங்கள் அடுக்கித் தராமல் பக்கத்தில் உட்கார்ந்து அதையே அடுக்க வையுங்கள், அப்போதுதான் எது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். பல குளங்களில் உடை மாற்றும் அறையின் மறுவாசல் நேராகக் குளத்தங்கரையில் திறக்கும். நீங்கள் பெண்கள் அறையில் தலைமுடியை முடிந்துகொண்டிருக்கும்போது உங்கள் மகன் இரண்டே நிமிடத்தில் தயாராகி, தண்ணீர் ஓரத்தில் தனியாக நிற்பான். கூச்சத்தையும் சங்கடத்தையும் விட நான் பயப்படுவது இதற்குத்தான். வயது வரம்பு 5 என்று இருக்கிற குளத்தில், நீச்சலே தெரியாத 6 வயதுப் பிள்ளைக்கும் இதே கதிதான். தீர்வு எளிது: நீங்கள் வீட்டிலிருந்தே நீச்சலுடையை உள்ளே போட்டுக்கொண்டு வாருங்கள், பிள்ளைக்கும் அப்படியே போட்டுவிடுங்கள். வரும்போது மேலாடையைக் கழற்றுவதோடு வேலை முடிந்தது. முதலில் பிள்ளையை வெளியே, நுழைவாயில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, நீங்கள் மாற்றிவிட்டு வந்து, அப்புறம் அதை உள்ளே அனுப்பிவிட்டு நேராக மறுவாசலுக்குப் போய் நில்லுங்கள். உட்கார வைக்கும் இடம் கவுண்டரில் இருப்பவர் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். "நான் வராமல் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது" என்பதை வெறும் வாயால் சொன்னால் போதாது, ஒரு தடவை கூடவே நடந்துபோய் எந்தக் கதவு, எந்தச் சுவர் என்று காட்டுங்கள்.

திரும்பும்போதுதான் கஷ்டம். குளிர், பசி, ஈரத்தரை, லாக்கர் சாவி எல்லாம் ஒன்றாகச் சேரும். முதல் சில வாரங்கள் ஷவரையும் முழு உடை மாற்றத்தையும் விட்டுவிடலாம். குளத்தங்கரையிலேயே துண்டைப் போர்த்தி, மேலே ஒரு கோட்டை மாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. அது பழகிய பிறகு உடை மாற்றச் சொல்லுங்கள், ஷவர் கடைசியில். வாசலில் நின்று "முடிஞ்சுதா கண்ணு?" என்று அவ்வப்போது குரல் கொடுங்கள், உள்ளே தலையை மட்டும் நீட்டாதீர்கள். ரொம்ப நேரமாகியும் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் போகக்கூடிய ஊழியர் ஒருவரை உடனே கூப்பிடுங்கள், அதில் தயங்குவதற்கு எதுவும் இல்லை.

உள்ளே போகிற யாரோ ஒருவரிடம் "என் பையனைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லத் தோன்றும். நன்றாகத் தெரிந்த குடும்பம் என்றால் சரி. முன்பின் தெரியாதவர் என்றால் வேண்டாம், ஏனென்றால் முகம் தெரியாத ஒருவர் சொல்வதைக் கேட்கும்படி நீங்களே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதற்குப் பதில் இரண்டு மூன்று விஷயங்களைப் பயமுறுத்தாமல் சொல்லிவையுங்கள்: நீச்சலுடை மூடுகிற இடங்களை யாரும் தொடக் கூடாது, உதவி செய்கிறேன் என்று யாராவது வந்தால் "வேண்டாம், அம்மா வெளியே இருக்காங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், யாராவது போனை நீட்டிப் படம் எடுப்பது போலிருந்தால் பாதி உடையோடு என்றாலும் வெளியே ஓடி வந்துவிடலாம், திட்டு விழாது.

உதவி இல்லாமல் மாற்ற முடியாத பிள்ளைகளுக்கு, அதாவது உடல் குறைபாடோ வளர்ச்சி தொடர்பான சிரமமோ உள்ளவர்களுக்கு, இந்த வயதுக் கணக்கு எதுவும் பொருந்தாது. மாற்றுத்திறனாளிகளுக்கான அறை இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

வரம்புக்குள் இருக்கிற பிள்ளையைக் கூட்டிப் போயும் யாராவது "இவ்வளவு பெரிய பையனை ஏன் உள்ளே கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்கக்கூடும். விதியைச் சொல்லி அங்கேயே வாதாடினால் ஜெயிக்கலாம், ஆனால் நடுவில் அரைகுறை உடையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் பிள்ளை. "இதோ, முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுத் தடுப்பறைக்குள் போய்விடுங்கள், பேச வேண்டியதைப் பிறகு கவுண்டரில் பேசிக்கொள்ளலாம்.

தனியாக மாற்ற ஆரம்பித்த புதிதில் நீச்சல் கண்ணாடி, தொப்பி, சில சமயம் ஒற்றைச் செருப்பு என்று ஏதாவது ஒன்று உள்ளேயே தங்கிவிடும். எல்லாவற்றிலும் பெயர் எழுதிவையுங்கள், கிளம்புவதற்கு முன் தொலைந்த பொருள் பெட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.