மான் இறைச்சியை வீட்டில் வெட்ட எந்தக் கத்தி வாங்கலாம்?

நவம்பரில் கனடாவின் ஒன்ராறியோவில் மான் வேட்டைக்காலம் வந்துவிடும். உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகும் தமிழர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி துப்பாக்கியைப் பற்றியதல்ல: "அண்ணை, மானைக் கொண்டுவந்திட்டம், எதால வெட்டுறது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இலங்கையிலும் இந்தியாவிலும் மான் வேட்டை சட்டவிரோதம் என்பதால் இது அங்குள்ளவர்களுக்கான குறிப்பு அல்ல.

பெரிய வெட்டுக்கத்தியை ஒதுக்கி வையுங்கள்

ஊரில் பங்கு ஆடு அடித்தால் குற்றியில் வைத்து எலும்போடு கொத்துவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இறைச்சி என்றால் பாரமான கத்திதான் நினைவுக்கு வரும். மானுக்கு அது சரிவராது. மான் கொழுப்பு மெழுகு மாதிரி உறைந்து வாயில் ஒட்டும். எலும்புத் தூளும் உள்ளிருக்கும் மச்சையும் இறைச்சியில் பூசுப்பட்டால் குளிர்ப்பெட்டியில் கிடக்கக் கிடக்க ருசி கெடும்.

இன்னொரு காரணமும் உண்டு. மானை மெலியவைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களின் காட்டு மான்களிடம் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனால் அதை உண்டாக்கும் புரதம் மூளையிலும் முள்ளந்தண்டிலும் அதிகம், சமைத்தாலும் அழியாது. அதனால் முள்ளந்தண்டை வெட்டாமல் இறைச்சியை மட்டும் கழற்றி எடுப்பதே நல்லது.

கழற்றுவது கஷ்டமில்லை. தொங்கவிட்ட மானின் முன்னங்காலை வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். அது எலும்பால் உடம்போடு பொருந்தியிருக்கவில்லை, தசையால் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. இடுக்கில் கத்தி நுனியை ஓடவிட்டால் முழுக்காலும் கையோடு வந்துவிடும். பின்னங்காலுக்கு மூட்டைக் கண்டுபிடித்துச் சுற்றி வெட்ட வேண்டும். இரண்டுக்கும் பலம் தேவையில்லை, நுனி கூராக இருந்தால் போதும்.

படி 1: எலும்பு நீக்கும் கத்தி

ஒரே ஒரு கத்திதான் வாங்குவீர்கள் என்றால் இதை வாங்குங்கள். 6 அங்குல நீளம், ஒடுங்கிய அலகு, நுனிப்பக்கம் சற்றே வளைவு. நுனியைப் பலகையில் மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் வளைந்து உடனே நிமிர வேண்டும். அந்த வளைவின் அருமை முதுகு இறைச்சியில் தெரியும். அதன்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு போர்த்தியிருக்கும், எவ்வளவு அவித்தாலும் றப்பர் மாதிரியே கிடக்கும். நுனியைச் சவ்வுக்கு அடியில் நுழையுங்கள். கூர்ப்பக்கத்தைச் சவ்வை நோக்கி மிகக் கொஞ்சமாய் மேலே சாய்த்து, மற்றக் கையால் சவ்வை இறுக்கிப் பிடித்தபடி கத்தியைத் தள்ளுங்கள். இறைச்சி சேதமாகாமல் சவ்வு நாடாவாகக் கழன்று வரும். தடித்த அலகால் இதைச் செய்தால் பாதி இறைச்சி சவ்வோடு போய்விடும்.

படி 2: உருக்கு

பெட்டியில் எச்.ஆர்.சி. என்று கடினத்தன்மை போட்டிருந்தால் 56 முதல் 58 வரை பாருங்கள். 60க்கு மேலுள்ள ஜப்பானியக் கத்திகள் மரக்கறிக்கு அற்புதம், ஆனால் எலும்பில் பட்டால் கூர் சில்லுச்சில்லாகப் பெயரும். துருப்பிடிக்காத உருக்கே தொடக்கக்காரருக்கு நல்லது.

படி 3: பிடி

இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். என் முதல் மானை, பரிசாகக் கிடைத்த வழுவழுப்பான மரப்பிடிக் கத்தியால்தான் வெட்டினேன். கையில் கொழுப்புப் பட்டு, பிடி வழுக்கி, விரல்கள் அலகுக்கு ஓடின. சுட்டுவிரலில் 4 தையல். சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடியும், விரல் முன்னே ஓடாமல் தடுக்கும் மேடும் இருக்க வேண்டும். விக்டோரிநொக்ஸ் நிறுவனத்தின் பைப்ரொக்ஸ் பிடி அப்படிப்பட்டது, கறிக்கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். கடையில் உள்ளங்கையை ஈரமாக்கிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கத்தி பிடிக்காத கைக்கு வெட்டுப்படாத கையுறை ஒன்றும் கட்டாயம் வாங்குங்கள்.

படி 4: மற்றவை

தோலுரிக்க 3 அல்லது 4 அங்குலக் குட்டைக் கத்தி. தொடையைப் பெரிய துண்டுகளாக்க 8 அங்குல வளைந்த கத்தி, இது அடுத்த வருடம்கூட வாங்கலாம். எலும்புக் குழம்பு இல்லாமல் முடியாது என்றால் கால் எலும்புக்கு மட்டும் ஒரு அறுக்கும் வாள்.

படி 5: தீட்டுதல்

கத்தி வாங்கும் அன்றே 1000 எண் தீட்டுக்கல்லும் வாங்குங்கள். கல்லை நனைத்து அலகைப் படுக்கவைத்து, பிடங்கை, அதாவது கூரில்லாத முதுகுப்பக்கத்தை, மட்டும் உயர்த்துங்கள். இரண்டரை சென்ரிமீற்றர் அகலமான அலகுக்கு 8 மில்லிமீற்றர் உயர்த்தினால் ஏறக்குறைய 20 பாகை வரும். அந்த உயரம் மாறாமல் ஒரு பக்கத்தைத் தீட்டுங்கள். மறுபக்கத்தில் பிடங்கிலிருந்து கூரை நோக்கிப் பெருவிரலால் தடவும்போது மெல்லிய சொரசொரப்புத் தட்டுப்பட்டால் திருப்பிப் போடலாம். முடிந்ததும் ஒரு தக்காளியில் கத்தியை வையுங்கள். அழுத்தாமல், கத்தியின் பாரத்திலேயே தோல் பிளக்க வேண்டும்.

வெட்டும்போது கத்தி இழுபடுவதுபோல் தோன்றினால் அழுத்திச் சமாளிக்க வேண்டாம். நிறுத்தி, கொழுப்பைத் துடைத்து, தீட்டும் கம்பியில் இரண்டு பக்கமும் நாலைந்து முறை இழுத்துவிட்டுத் தொடருங்கள். ஒரு மான் முடிவதற்குள் நான் இப்படிப் பலமுறை நிறுத்துவேன்.